வில்லங்கச் சான்றில் தெரியாத வில்லங்கம்

1975-ம் ஆண்டு மே 3, சனிக்கிழமை. தமிழ்நாட்டின் ஒரு நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று தாக்கலாகிறது. ‘போன வருடம் ஜூலையில் இந்தச் சொத்தை எனக்குக் கிரயம் செய்து தருவதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார்கள். ஒப்பந்தப்படி கிரயம் செய்து தர உத்தரவிட வேண்டும்’ என்பது பிராது. ஞாயிறு கழிந்தது. மே 5, திங்கட்கிழமை, அதே சொத்து வேறொருவர் பெயருக்குக் கிரயமாகிவிட்டது.

இரண்டாவதாக வாங்கியவரின் வாதத்தைக் கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். பணம் கொடுத்து, நம்பி வாங்கினேன். பழைய ஒப்பந்தம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அப்படி வாங்குபவரைக் காப்பாற்ற ஒரு சட்டமும் இருக்கிறது. வக்கீல்கள் ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்’ என்று சொல்லும் 1963-ம் வருடச் சட்டத்தின் 19-ம் பிரிவு, முந்தைய ஒப்பந்தம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தைப் பிடுங்கக் கூடாது என்கிறது. திங்கட்கிழமை நடந்த கிரயம் முந்தைய வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தால், அவர் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு போராடியிருக்கலாம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ல், அதாவது 33 ஆண்டுகள் கழித்து, தீர்ப்பு வந்தது. கிரயத்துக்கு முன்பே வழக்கு தாக்கலாகிவிட்டது. ஆகவே நல்லெண்ணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலில் ஒப்பந்தம் போட்டவருக்கே சொத்து. குருசாமி நாடார் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்ட அந்தத் தீர்ப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்தது, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த இரண்டு நாள் இடைவெளிதான்.

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, 1882-ம் வருடத்திய சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ம் பிரிவு. வக்கீல்கள் வட்டாரத்தில் ‘லிஸ் பென்டென்ஸ்’. ஒரு அசையாச் சொத்தின் மீதான உரிமை நேரடியாகவும் குறிப்பாகவும் வழக்கில் இருக்கும்போது, வழக்கின் எந்தத் தரப்பினரும் எதிர்த்தரப்பின் உரிமையைப் பாதிக்கும் வகையில் அந்தச் சொத்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது. நீதிமன்றம் அனுமதித்தால், அது விதிக்கும் நிபந்தனைகளின்படி செய்யலாம். பிரிவின் சாரம் இவ்வளவுதான். வாங்குகிறவருக்கு வழக்கு தெரியுமா தெரியாதா என்று அந்தப் பிரிவு ஓரிடத்திலும் கேட்கவில்லை.

பதிவேட்டை விட்டுவிட்டு வந்த சட்டம்

வாங்குபவரின் அறியாமையை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்பதற்கு, 1857-ல் இங்கிலாந்தில் தீர்ந்த பெல்லமி எதிர் சபைன் வழக்கைத்தான் இன்றும் நம் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. அதன் தர்க்கம் எளிமையானது. வழக்கு நடக்கும்போது விற்கலாம் என்று விட்டுவிட்டால் எந்த வழக்கும் முடியாது. பிரதிவாதி தீர்ப்புக்கு முதல் நாள் ஒருவருக்கு விற்பார். வாதி அந்த ஒருவர் மீது புதிதாக வழக்குப் போட வேண்டும். அவர் இன்னொருவருக்கு விற்பார். வாதி சாகும்வரை கோர்ட்டுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே இந்த விதி பிறந்தது வாங்குபவருக்கு அறிவிப்பு இருந்ததா என்ற கேள்வியிலிருந்து இல்லை. வழக்கு என்று ஒன்று முடிய வேண்டுமே என்ற கட்டாயத்திலிருந்து.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இங்கிலாந்துக் கதையின் மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. பெல்லமி தீர்ப்புக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1839-ல், அந்த நாடு ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. வழக்குப் பற்றிய குறிப்பை அதற்கான பதிவேட்டில் ஏற்றினால்தான், விஷயம் தெரியாமல் வாங்கியவரை அந்த வழக்கு கட்டுப்படுத்தும். நிலம் சம்பந்தமான வழக்குகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு அங்கே இன்றும் வேறு சட்டங்களின் கீழ் தொடர்கிறது.

1882-ல் நமக்குச் சட்டம் எழுதியவர்கள் கோட்பாட்டை எடுத்துக்கொண்டார்கள்; பதிவேட்டை விட்டுவிட்டார்கள். கத்தி வந்தது, உறை வரவில்லை. இந்தியாவில் வழக்குச் சொத்தைத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்பவர்களின் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எந்த நாள் முதல், எந்த நாள் வரை?

பழைய 52-ம் பிரிவில், வழக்கு ‘மும்முரமாக’ நடந்துகொண்டிருக்க வேண்டும், ‘எதிர்ப்புள்ள’ வழக்காக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொற்கள் இருந்தன. பிரதிவாதிக்குச் சம்மன் போய்ச் சேர்ந்தால்தானே எதிர்ப்பு, அதற்கு முன் விற்றால் தப்பில்லையே என்று வாதாட அது வழிவிட்டது. 1929 திருத்தம் அந்தச் சந்தை அடைத்தது. பிராது தாக்கல் செய்த நாளிலிருந்தே வழக்கு நிலுவைதான். விற்பவர் கையில் சம்மன் கிடைத்திருக்க வேண்டியதில்லை. தன் மீது வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போதும் கிரயம் 52-ம் பிரிவின் கீழ் வந்துவிடும்.

முடியும் நாள்தான் இன்னும் சிக்கல். ‘முன்சீப் கோர்ட்டில் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது, இனி பிரச்னை இல்லை’ என்று புரோக்கர் சொல்வார். மேல்முறையீட்டுக்குக் கால அவகாசம் இருக்கிறது. மேல்முறையீடு தாக்கலானால் அது பழைய வழக்கின் தொடர்ச்சி. இடையில் நடந்த கிரயமும் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் இரண்டாம் மேல்முறையீடு. சட்டத்தின் விளக்கப் பகுதி இன்னும் ஒரு படி போகிறது: தீர்ப்பாணை முழுமையாக நிறைவேற்றப்படும் வரை, அல்லது நிறைவேற்றும் காலக்கெடு முடியும் வரை வழக்கு நிலுவைதான். ஒரு தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்பதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 12 ஆண்டுகள்.

பாகப்பிரிவினை வழக்கென்றால் கேட்கவே வேண்டாம். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். பிறகு கமிஷனர் போய் அளந்து பிரித்து, இறுதித் தீர்ப்பாணை வர வேண்டும். இறுதித் தீர்ப்பாணை கேட்பதற்குக் கால வரம்பே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. அப்பா காலத்தில் முதல்நிலைத் தீர்ப்பு வாங்கி, பேரன் காலத்தில் தூசி தட்டி எடுக்கப்படும் கட்டுகள் நம் நீதிமன்றங்களில் உண்டு. அத்தனை காலமும் அந்தச் சொத்து வழக்குச் சொத்துதான்.

எல்லா வழக்குக்கும் இந்தச் சக்தி கிடையாது. கைமாற்றுக் கடன், புரோநோட்டு வழக்கு போன்றவற்றில் கடன்காரரின் வீடு வழக்கின் பொருள் ஆகாது. அந்த வீட்டைப் பிடிக்க வேண்டுமானால் தனியாக ஜப்தி உத்தரவு வாங்க வேண்டும். அதற்குப் பிறகு விற்றால் வேறு சட்டப்பிரிவு பாயும். பாகப்பிரிவினை, சொத்தில் உரிமை விளம்புகை, கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோருவது, அடமான வழக்கு, ஜீவனாம்சத்துக்குக் குறிப்பிட்ட சொத்தைப் பொறுப்பாக்கக் கோருவது ஆகியவைதான் 52-ம் பிரிவின் வழக்கமான விருந்தாளிகள். கிரயம் மட்டும் இல்லை. தான செட்டில்மென்ட், அடமானம், குத்தகை, பரிவர்த்தனை எல்லாமே இதில் சிக்கும். பிரதிவாதிக்கு மட்டும்தான் கட்டு என்று நினைப்பவர்களும் உண்டு. வாதி விற்றாலும் அதே கதிதான். இரு தரப்பும் ஒட்டிக்கொண்டு நடத்தும் போலி வழக்குக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கிரயம் செல்லாதா?

‘கேஸ் நடக்கும்போது வாங்கின பத்திரம் செல்லாது’ என்று டீக்கடை பெஞ்சு முதல் பத்திர எழுத்தர் அலுவலகம் வரை சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ல் நாகுபாய் அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 52-ம் பிரிவு அந்தக் கிரயத்தை அடியோடு துடைத்துவிடுவதில்லை. வழக்கின் முடிவுக்குக் கீழ்ப்பட்டதாக ஆக்குகிறது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே கிரயம் கிரயம்தான். (அந்தத் தீர்ப்பை எழுதியவர் டி.எல்.வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைப் பரப்பியதற்காகச் சங்கீத உலகம் கொண்டாடும் அதே சங்கீத கலாநிதிதான்.)

நடைமுறையில் இது எப்படி வேலை செய்யும்? ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள். ஆறு சென்ட் இடம். தங்கைகள் பாகம் கேட்டு வழக்குப் போட்ட பிறகு, பட்டா தன் பெயரில் இருக்கும் தெம்பில் அண்ணன் முழு இடத்தையும் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். தங்கைகள் தோற்றால் கிரயம் முழுசாக நிற்கும். ஜெயித்தால், அண்ணனுக்கு உரிய இரண்டு சென்ட் மட்டுமே வாங்கியவருக்குச் சேரும். மீதி நான்கு சென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு அண்ணனைத்தான் துரத்த வேண்டும்.

2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த தமிழ்நாட்டு வழக்கு ஒன்று, டி.ஜி.அசோக்குமார் வழக்கு, இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டது. விற்றவருக்கு முழு உரிமை என்று முடிவானால் வாங்கியவருக்கு முழுச் சொத்து, ஒரு பகுதி என்றால் அந்தப் பகுதி, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் வகுத்துச் சொன்னார். அந்தத் தீர்ப்புக்கு மறுபடி வருவோம். அதன் கடைசிப் பத்திகள்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

வாங்கியவரின் உண்மையான வேதனை, நிறைவேற்றல் மனு போடப்பட்டு அமீனா வாசலுக்கு வரும் அன்று தொடங்குகிறது. வழக்கில் இல்லாத மூன்றாம் நபர் ஒருவர் அனுபவத்தில் இருந்தால், ‘என்னை வெளியேற்ற முடியாது’ என்று ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையை உரிமையியல் நடைமுறைச் சட்டம் தருகிறது. வழக்கு நிலுவையில் வாங்கியவருக்கு மட்டும் அந்த உரிமையை அதன் 21-ம் கட்டளையின் 102-ம் விதி மறுக்கிறது. ‘வழக்கில் நான் பார்ட்டியே இல்லையே, எனக்கு நோட்டீஸே வரவில்லையே’ என்ற கூக்குரல் அந்த வாசலில் எடுபடாது.

சரி, வழக்கு தெரிந்ததும் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளலாமா? மனுப் போடலாம். சேர்ப்பதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. 2003-ல் சேர்க்க வேண்டியதில்லை என்ற முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2005-ல், விற்றவர் பணத்தை வாங்கிப் பையில் போட்ட பிறகு வழக்கை அக்கறையாக நடத்தமாட்டார், வாங்கியவர்தான் நடத்த வேண்டியிருக்கும் என்ற யதார்த்தத்தைப் புரிந்துகொண்டு சேர்த்தது. 2013-ல் தாம்சன் பிரஸ் வழக்கில், ஒப்பந்தமும் வழக்கும் தெரிந்தே வாங்கிய நிறுவனத்தைக்கூட உள்ளே விட்டது. 2025 ஜனவரியில், சேர்த்தே தீர வேண்டும் என்ற உரிமை வாங்கியவருக்கு இல்லை என்று மறுபடி அழுத்திச் சொன்னது. ஆக, ஆளைப் பொறுத்து, நடத்தையைப் பொறுத்து. தெரியாமல் வாங்கிவிட்டு, தெரிந்த மறுவாரமே ஓடியவருக்கு இரக்கம் கிடைக்கலாம். பத்து வருடம் வேடிக்கை பார்த்துவிட்டு, தோற்ற பிறகு மேல்முறையீட்டில் நுழையப் பார்ப்பவருக்கு அது கிடைப்பது அரிது.

இந்தக் கோட்பாட்டின் வீச்சு எவ்வளவு தூரம் என்பதற்கு 2024 மே மாதத் தீர்ப்பு ஒன்று போதும். சொத்து மாற்றுச் சட்டம் அப்படியே அமலில் இல்லாத பஞ்சாபிலிருந்து வந்த வழக்கு. 52-ம் பிரிவு அங்கே நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் அதன் பின்னுள்ள நீதி பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆயுதமாகும் வழக்கு

வாங்குபவரின் பக்கம் மட்டும் பேசினால் அது பாதிக் கதை. விற்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் நியாயமான உரிமையாளர் இருக்கிறார். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, வங்கிக் கடன். விலை பேசி முடிந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒருவர், ‘எனக்கு வாய்மொழியாக விற்பதாகச் சொன்னார்’ என்று ஒரு பிராதைத் தாக்கல் செய்கிறார். ஸ்டே எதுவும் வாங்க வேண்டியதில்லை. வழக்கு எண் விழுந்தாலே போதும். வாங்க வந்தவர் ஓடிவிடுவார், வங்கியின் லீகல் ஒபினியன் பாதகமாக வரும். பிறகு ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று தூது. நகர்ப்புறங்களில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

இதற்கு மருந்தும் அதே 52-ம் பிரிவில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ‘நீதிமன்றத்தின் அனுமதியோடு’ என்ற சொற்கள். வினோத் சேத் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துப் பேசியது. பலவீனமான வழக்கால் சொத்து முடங்கிக் கிடக்கும் என்று தோன்றினால், பிரதிவாதியிடம் ஒரு தொகைக்குப் பிணை வாங்கிக்கொண்டு அந்தச் சொத்தை 52-ம் பிரிவின் பிடியிலிருந்து நீதிமன்றம் விடுவிக்கலாம். நம் ஊர் நீதிமன்றங்களில் இந்த மனு ஏன் இவ்வளவு அரிதாகப் போடப்படுகிறது என்பது எனக்குப் புரியாத விஷயம். ஸ்டே உடைப்பதில் காட்டும் வேகத்தில் பாதியை வக்கீல்கள் இதில் காட்டினாலே, மிரட்டல் வழக்குகளின் மவுசு குறைந்துவிடும்.

தடையாணை இருக்கும்போது விற்பது வேறு கணக்கு. அங்கே 52-ம் பிரிவோடு, உத்தரவை மீறிய குற்றமும் சேரும். சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று போகும்.

ஈ.சி. போட்டுப் பார்த்தோமே!

ஏமாந்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வரி இதுதான். 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

இருக்கத்தான் செய்யும். ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறியவற்றின் பட்டியல். கிரயம், அடமானம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் எல்லாம் அதில் வரும். நீதிமன்றம் ஜப்தி செய்து அந்த உத்தரவு பதிவேட்டுக்கு வந்திருந்தால் அதுவும் தெரியும். பக்கத்து வளாகத்திலேயே இருக்கும் நீதிமன்றத்தில் நேற்றுத் தாக்கலான பிராது அதில் தானாக ஏறுவதற்குத் தமிழ்நாட்டில் கட்டாய ஏற்பாடு எதுவும் இல்லை. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரில்தான் மக்கள் முட்டிக்கொள்கிறார்கள்.

சார்பதிவாளர் தடுப்பாரா? அதுவும் அவர் வேலை இல்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் அதிகாரத்தில் வராது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ-யின் முக்கியப் பகுதியை ரத்து செய்தபோது உறுதிப்படுத்தியது. வழக்கு இருக்கிறது என்று யாராவது ஆட்சேபக் கடிதம் கொடுத்தாலும், தடையாணை இல்லாதவரை பதிவு பெரும்பாலும் நடந்துவிடும். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போய்விடும். அபாயம் வாங்கியவர் தலையில்.

சொத்து வழக்குகளுக்கான விதை பெரும்பாலும் ஈ.சி.யில் தெரியாத இடங்களில்தான் கிடக்கிறது. மகள்களின் பங்கு அதில் முதன்மையானது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சந்தேகத்தைத் தீர்த்தது. ஆனால் ஊரில் இன்னும் ‘சீர் செஞ்சாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு?’ என்ற பேச்சோடு ஆண் மக்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். விலை ஏறும்போது வழக்கும் ஏறுகிறது.

அடுத்தது பதிவு செய்யாத ஒப்பந்தம். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதைத் தமிழ்நாடு 2012-ல் கட்டாயமாக்கியது. அப்படியும் வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நின்றபாடில்லை. பதிவு செய்யாத அந்தத் தாளையும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒப்பந்தமும் ஈ.சி.யில் வராது, அதை வைத்துப் போடும் வழக்கும் வராது.

அட்வான்ஸுக்கு முன்னால்

அப்படியானால் வாங்குபவர் என்னதான் செய்வது? முழுப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வழிகள் உண்டு.

இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரை வைத்து வழக்குத் தேடலாம், கட்டணம் இல்லை. விற்பவர் பெயரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். அவருடைய அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, முந்தைய உரிமையாளர் பெயர்களையும் தேடுங்கள். நம் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்று. ஒரே ‘சண்முகம்’ மூன்று விதமாக ஏறியிருக்கும். எல்லா விதத்திலும் தட்டிப் பார்க்க வேண்டும். சென்னையில் பெரிய மதிப்புள்ள வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் இருக்கும் என்பதால் அங்கும் பார்க்க வேண்டும். சர்வே எண்ணை வைத்து வழக்கைத் தேட முடிந்தால் இந்தப் பாடே வேண்டாம். ஆட்கள் பெயரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இணையத்தைவிடச் சில நேரம் தெரு அதிகம் சொல்லும். இடத்துக்கு நேரில் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அனுபவத்தில் இருப்பவர் யார் என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் ஐந்து பேர், பத்திரத்தில் மூன்று கையெழுத்து என்றால் அந்த இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைத்து, ‘இந்த வாரமே பதியணும்’ என்று அவசரப்படுத்தினால் காரணம் கேளுங்கள். பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவரைச் சந்தியுங்கள். நாளிதழில் வக்கீல் மூலம் பொது அறிவிப்பு கொடுப்பது நல்ல பழக்கம். அது 52-ம் பிரிவிலிருந்து காப்பாற்றாது, ஆனால் ஆட்சேபம் உள்ளவரை முன்னமே வெளியே கொண்டுவரும்.

கிரயப் பத்திரத்தில், சொத்தின் மீது எந்த வழக்கும் இல்லை, பின்னால் தெரியவந்தால் விற்றவர் நஷ்டஈட்டோடு ஈடுகட்டுவார் என்ற வாசகம் வழக்கமாகவே இருக்கும். தன் உரிமையில் உள்ள குறையை மறைக்காமல் சொல்லும் கடமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ம் பிரிவும் விற்பவர் மீது வைக்கிறது. மறைத்து விற்றவர் மீது மோசடிப் புகாரும் கொடுக்கலாம். இதெல்லாம் விற்றவர் கையில் பணம் மிச்சம் இருக்கும்வரைதான் பயன்படும்.

வழக்கு இருப்பது தெரிந்தே, விலை படிகிறதென்று வாங்க விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நேர்வழி இரண்டு. நீதிமன்ற அனுமதி பெற்று வாங்குவது ஒன்று. வழக்காடும் எல்லாரையும் உட்காரவைத்து, சமரச மனு தாக்கல் செய்து, எல்லாக் கையெழுத்தோடும் கிரயம் பெறுவது மற்றொன்று. லோக் அதாலத் இதற்கு நல்ல இடம். ‘கேஸை நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்பவரிடம் வாங்குவது மூன்றாவது வழி. அதை வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுவரை உடைக்க ஒரு திருத்தம்

இனி அந்த 2010 தீர்ப்பின் கடைசிப் பத்திகள். அடமானமோ முந்தைய கிரயமோ இருந்தால் பதிவேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்; வழக்கு இருந்தால், விற்பவரே வாய் திறந்து சொல்லாதவரை அறிய வழியே இல்லை என்று வருந்தியது நீதிமன்றம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இருக்கும் ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டி, அதை நாடு முழுவதற்கும் கொண்டுவருவது பற்றிச் சட்ட ஆணையமும் நாடாளுமன்றமும் யோசிக்க வேண்டும் என்றது.

அந்த ஏற்பாடு புதிதில்லை. பம்பாய் மாகாணம் 1939-லேயே செய்த திருத்தம். அங்கே வழக்குப் போட்டவர், எந்த நீதிமன்றம், யார் யார் தரப்பினர், எந்தச் சொத்து, எப்போது தாக்கல், என்ன உரிமை கோரப்படுகிறது என்ற விவரங்களோடு ஓர் அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் 52-ம் பிரிவின் பாதுகாப்பு. பதியாதவர், தெரியாமல் வாங்கியவர் மீது அந்தப் பிரிவை ஏவ முடியாது. வாதிக்குக் கொஞ்சம் செலவு, ஒரு நாள் அலைச்சல். பதிலுக்கு, சொத்தைத் தேடிப் பார்க்கும் எவர் கண்ணிலும் வழக்கு படும்.

இதே யோசனையை இந்தியச் சட்ட ஆணையம் தன் 157-வது அறிக்கையில் 1998-லேயே பரிந்துரைத்துவிட்டது. அந்த அறிக்கை முழுவதுமே 52-ம் பிரிவைப் பற்றியதுதான். நாடாளுமன்றம் இன்னும் அந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்கு இல்லை. விவசாய நிலம் அல்லாத சொத்து மாற்றமும், பத்திரப் பதிவும் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. விவசாய நில மாற்றம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பம்பாய் செய்ததைச் சென்னை செய்யலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால் போதும். பதிவுத்துறை ஈ.சி.யை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது. நீதிமன்றங்களின் வழக்குத் தகவல்களும் கணினியில் இருக்கின்றன. பிராதில் சொத்து விவரம் எழுதும்போதே சர்வே எண், கிராமம், சார்பதிவகம் எல்லாம் எழுதத்தான் செய்கிறார்கள். அந்த விவரம் பதிவுத்துறைக்குப் போய், ஈ.சி.யில் ஒரு வரியாக விழ வேண்டும். வழக்கு முடிந்ததும் அந்த வரி நீங்கவும் வழி வேண்டும். இல்லாவிட்டால் மிரட்டல் வழக்குக்காரர்களுக்கு இன்னொரு ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.

வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, அதற்கு மேல் இருபது வருடக் கடனும் வாங்கி ஒரு மனை வாங்கும் குடும்பத்திடமிருந்து அரசு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வசூலிக்கிறது. அந்த மனை மீது வழக்கு இருக்கிறதா என்ற ஒரே ஒரு வரியை அந்தக் குடும்பத்துக்குச் சொல்லும் கடமையும் அரசுக்கு உண்டு. 52-ம் பிரிவுக்கு ஒரு தமிழ்நாட்டுத் திருத்தத்தை, வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே சட்ட அமைச்சரும் பதிவுத்துறை அமைச்சரும் கொண்டுவர வேண்டும்.